பாறைநெய்யும் நம் பிழையும்

இரட்டைப்புலவர் திருவாமாத்தூர்க் கலம்பகம் அரங்கேற்றிய கதையைத் தமிழ் பயின்றோர் பலரும் கேட்டிருப்பர். ஒருவருக்குக் கண்ணில்லை, மற்றவருக்குக் காலில்லை. கண்ணில்லாதவர் தோளில் காலில்லாதவர் அமர்ந்து வழிகாட்ட, இருவரும் ஊர்தோறும் சென்று பாடினர் என்பது வழிவழிச் செய்தி. திருவாமாத்தூரில் கலம்பகம் அரங்கேறியபோது, கோயில் பம்பையாற்றின் எக்கரையில் உள்ளது என்பதை அவர்கள் மாற்றிப் பாடிவிட்டனராம். அவையோர் எழுந்து, ‘பிழை’ என்றனர். புலவர்கள் வருந்தி உறங்கினர். அன்றிரவே பம்பையில் வெள்ளம் பெருகியது. ஆறு தன் போக்கை மாற்றிக்கொண்டது. விடியும்போது பாட்டு மெய்யாகியிருந்தது. கதை இவ்வாறு முடியும்.

வகுப்பில் இக்கதையை ஆண்டுதோறும் சொல்லி வந்துள்ளோம். ‘புலவன் வாக்குக்கு ஆறே இடம் மாறிற்று’ என்று குரலை உயர்த்தி முடிப்பது நம் வழக்கம். மாணவர்களும் கைதட்டுவர். ஆனால், அவையில் எழுந்து நின்று ‘பிழை’ என்று சொன்ன அந்த ஊராரைப் பற்றி நாம் ஒருநாளும் எண்ணியதில்லை. 2019ஆம் ஆண்டில் அதே திருவாமாத்தூரில் நாமும் ஒரு பிழை பேசினோம். அவையில் எவரும் எழவில்லை. நாம் பேசியது ஆற்றைப் பற்றியும் அன்று. நிலத்தின் அடியில் கிடக்கும் எண்ணெயைப் பற்றி.

நிகழ்ந்தது இது. 2018ஆம் ஆண்டில் நடுவண் அரசு, காவிரிப் படுகையில் எண்ணெயும் எரிவளியும் தேடுவதற்கு உரிமங்கள் வழங்கியது. அவற்றுள் ஒரு பரப்பு நம் மாவட்டத்து மரக்காணத்தில் தொடங்கிக் கடலூர் நோக்கி நீண்டது. பெரும்பகுதி கடல்; சிறுபகுதி நிலம். காவிரிப் படுகை என்றதும் தஞ்சையும் திருவாரூரும் நினைவுக்கு வருமேயன்றி விழுப்புரம் வாராது. ஆயினும் நிலவியலார் கணக்கில் அப்படுகையின் வடகோடி புதுச்சேரியைத் தாண்டி நம் பக்கமும் வருகின்றது. (2020-இல் தமிழக அரசு காவிரிப் படுகைக்கெனப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் இயற்றியபோது, அதன் பட்டியலில் விழுப்புரம் இடம்பெறவில்லை என்பதும் ஈண்டு நினையத்தக்கது.) ‘ஹைட்ரோகார்பன்’ என்னும் சொல் நம் ஊர்த் தேநீர்க் கடைகளிலும் புழங்கத் தொடங்கிற்று. 2019 ஜூன் 12 அன்று மரக்காணம் முதல் இராமேசுவரம் வரை மக்கள் கைகோத்து மனிதச் சங்கிலியாக நின்றனர்.

அதற்கு நான்கு நாள் முன்னர், நோன்புப் பெருநாள் கழிந்த மூன்றாம் நாள், நம் பழைய மாணவர் ஒருவர் தம் ஊராகிய திருவாமாத்தூருக்கு நம்மை அழைத்துச் சென்றார். சுவாமி கோயிலும் அம்மன் கோயிலும் எதிரெதிரே நோக்கி நிற்கும் தெருவில், மாலையில் ஓர் ஐம்பது பேர் கூடியிருந்தனர். எண்ணெய் எடுப்பது பற்றி எளிய தமிழில் பேசவேண்டும் என்பது அவர்கள் வேண்டுகோள். நம் கையில் ஆங்கிலத்தில் அச்சிட்ட நான்கு பக்கத் தாள் ஒன்று இருந்தது. அதில் ‘ரிசர்வாயர்’ என்னும் சொல் பலமுறை வந்தது. அகராதியைப் புரட்டினோம், ‘நீர்த்தேக்கம்’ என்றிருந்தது. நீருக்குப் பதில் எண்ணெயை வைத்தோம். ‘எண்ணெய்த் தேக்கம்’ ஆயிற்று. சொல் கிடைத்தவுடன் பொருளும் கிடைத்துவிட்டதாக மயங்குவது தமிழாசிரியர்க்கு உரிய நோய்.

“நம் வீடூர் அணையைக் கண்டிருப்பீர்கள். அதைப் போன்று பன்மடங்கு பெரியதோர் எண்ணெய்த் தேக்கம் நிலத்தின் அடியில் அலையடித்துக் கிடக்கின்றது. அதை உறிஞ்சிய பின் அவ்விடம் வெறுங்குகையாகும். அன்று இக்கோபுரமும் இத்தெருவும் அக்குகைக்குள் சரியும்” என்று முழங்கினோம். மூதாட்டி ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். முன்வரிசையில் அமர்ந்திருந்த வயது முதிர்ந்த உழவர் ஒருவர் மட்டும் கூட்டம் கலைந்த பின் அருகில் வந்து, “பாய், நம்ம கெணத்துத் தண்ணி என்னா ஆவும்?” என்று வினவினார். “ஊரே போகப்போகிறது, கிணறு எம்மாத்திரம்?” என்றோம். அவர் தலையசைத்துச் சென்றார்.

நம் தமக்கையார் மகன் ஓமன் நாட்டில் எண்ணெய் ஆய்வகம் ஒன்றில் பணிபுரிகின்றவர். கிணற்றின் ஆழத்திலிருந்து, அங்குள்ள அழுத்தம் மாறாமல் எஃகுக் குடுவையில் அடைத்துக் கொணரும் எண்ணெயை, எவ்வழுத்தத்தில் எவ்வெப்பத்தில் என்னவாகின்றது என்று அளந்து எழுதுவது அவர் தொழில். அவ்வாண்டு ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறைக்கு வந்திருந்தார். மாணவர் கைப்பேசியில் பதிந்திருந்த நம் பேச்சைப் பெருமையோடு அவருக்குப் போட்டுக்காட்டினோம். முழுதும் கேட்டார்.

“மாமா, தமிழ் அருமையாக இருக்கிறது. ஆனால் இந்த ஏரி எந்த நாட்டில் இருக்கிறது? பத்து வருடமாக நான் பார்த்ததில்லையே?” என்றார்.

நமக்குச் சினம் வந்தது என்பதை மறைப்பதற்கில்லை. அவர் மேலும் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் வைகறைத் தொழுகை முடிந்ததும் இருசக்கர வண்டியை எடுத்தார், பின்னால் அமரச் சொன்னார், திருவக்கரைக்குப் போனோம்.

திருவக்கரையின் கல்மரங்களை அறியாதார் இப்பக்கத்தில் இலர். ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் ஆற்று வெள்ளம் அடித்துக் கொணர்ந்து மணலில் புதைத்த மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. பிரெஞ்சு நாட்டு இயற்கையறிஞர் சொன்னரா 1781-இல் அவற்றைக் குறித்துள்ளார். நம் மருமகன் மரங்களைக் காட்டவில்லை. பூங்காவிற்கு வெளியே சாலையோரத்தில் கிடந்த சிவந்த மணற்கல் துண்டு ஒன்றை எடுத்து, புட்டியிலிருந்த நீரை அதன்மேல் ஊற்றினார். நீர் வழியவில்லை, கல் அதைக் குடித்தது. இன்னும் ஊற்றினார், இன்னும் குடித்தது. “ஏரி எங்கே இருக்கிறது, மாமா?” என்றார்.

கண்ணுக்குத் தெரியாத சந்துகள்! மணலும் மணலும் ஒட்டிக் கல்லாகும்போது மணிகளுக்கிடையே நுண்ணிய இடைவெளி எஞ்சுகின்றது. நல்ல மணற்கல்லில் நூற்றுக்குப் பத்து முதல் இருபத்தைந்து பங்கு வரை இத்தகைய இடைவெளியே. எண்ணெய் இருப்பது அங்கேதான். குகையுமில்லை, அலையுமில்லை, கையில் எடுத்தால் அது வெறுங்கல். நம் முன்னோர் ‘எள்ளுக்குள் எண்ணெய்’ என்று இறைமையைக் குறிக்கச் சொன்ன உவமையை எத்தனை முறை மேடையில் ஆண்டிருக்கின்றோம்! எள்ளைப் பிளந்து பார்த்தால் உள்ளே எண்ணெய்க் குளம் தெரிவதில்லை என்று நமக்குத் தெரியாதா? பெட்ரோலியம் என்னும் இலத்தீன் சொல்லே ‘பாறை’, ‘எண்ணெய்’ என்னும் இருசொற்களின் கூட்டு. அதைப் பாறைநெய் என்று பெயர்த்திருந்தாலே ஏரி தோன்றியிராது. ‘கன்னெய்’ என்று நம்மவர் ஒரு சொல்லும் ஆக்கி வைத்துள்ளனர். கல்லுக்குள் நெய்! இருந்த சொல்லை விட்டு இல்லாத தேக்கத்தைக் கட்டினோம்.

விதிவிலக்கும் ஒன்று உண்டு. காவிரிப் படுகையின் கடற்பகுதியில் பி.ஒய்.-1 என்னும் வயலில் 2009 முதல் எரிவளி எடுக்கத் தொடங்கினர். அங்கே வளி தங்கியிருப்பது மணற்கல்லில் அன்று. ஆட்டுக்கல்லை ஒத்த கருங்கல்லில். கருங்கல் நீரைக் குடிக்காது. ஆனால் வெடிப்புகள் இருந்தால் அவற்றில் வளி தங்கும். இதைக் கேட்டபோது நாம் நம்பவில்லை. அவரும் முதலில் நம்பவில்லையாம்.

திரும்பும் வழியில் ஒரு பெட்டிக்கடையில் வண்டியை நிறுத்திக் கோலி சோடா வாங்கினார். அன்று நடந்ததுதான் நம் வாழ்வில் நாம் கேட்ட முதல் இயற்பியல் பாடம் எனலாம். மூடிய புட்டியை வெயிலுக்கு எதிரே பிடித்தார். உள்ளே தெளிந்த நீர். ஒரு குமிழியும் இல்லை. “இதில் காற்று இருக்கிறதா?” என்றார். இருப்பதாகத் தோன்றவில்லை. கோலியை அழுத்தினார். உஸ்ஸென்ற ஒலியோடு நீர் முழுவதும் குமிழிகளாயிற்று. அக்காற்று எங்கிருந்து வந்தது? நீருக்குள்ளேயே கரைந்து கிடந்தது. அழுத்தம் இருந்தவரை இரண்டும் ஒன்றாயிருந்தன. அழுத்தம் போனதும் பிரிந்தன.

நிலத்தடியில் ஒவ்வொரு பத்து மீட்டர் ஆழத்திற்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகின்றது. 2000 மீட்டரில் இருநூறு மடங்கு. வெப்பமும் கிலோமீட்டருக்கு 25 முதல் 30 பாகை வரை ஏறுகின்றது. அவ்வாழத்தில் ஏறத்தாழ 80, 90 பாகை. அடுப்பில் ஏற்றிய சோற்றுப்பானையின் சூடு. அந்த அழுத்தத்தில், அந்தச் சூட்டில், எரிவளி எண்ணெய்க்குள் கரைந்து கிடக்கின்றது. கிணறு தோண்டி எண்ணெயை மேலே விடும்போது அழுத்தம் படிப்படியாகக் குறைகின்றது. குறைந்துகொண்டே வந்து, ஓர் எல்லையில் முதற்குமிழி தோன்றும். அவ்வெல்லையின் அழுத்தத்திற்குக் குமிழ்நிலை அழுத்தம் என்று பெயர். ஒவ்வொரு வயலின் எண்ணெய்க்கும் இது வேறு. வயலின் ஆயுளே பெரும்பாலும் இந்த ஓர் எண்ணைச் சுற்றித்தான் அமைகின்றது என்றார் மருமகன்.

ஏன் அவ்வாறு? குமிழ்நிலைக்கு மேலுள்ளவரை, கரைந்த வளி எண்ணெயை இளக்கி வைத்திருக்கின்றது. எண்ணெய் எளிதில் பாய்கின்றது. குமிழ்நிலைக்குக் கீழே போனால் வளி பிரிகின்றது. பிரிந்த வளி இலேசானது. சந்துகளில் முந்திக்கொண்டு ஓடிக் கிணற்றுக்கு வந்துவிடும். வளியை இழந்த எண்ணெயோ தடித்துப் பின்தங்கும். தள்ளிவிடவேண்டிய வளி தானே தப்பி ஓடிவிட, தள்ளப்படவேண்டிய எண்ணெய் கல்லுக்குள்ளேயே கிடந்துவிடும். கரைந்த வளியின் விசையை மட்டும் நம்பும் வயல்களில், இருப்பதில் பத்துக்கு மூன்று பங்கு கிடைத்தாலே பேறு. ஆகவே அழுத்தம் குறையாதிருக்க நீரையோ வளியையோ மீண்டும் உள்ளே செலுத்துகின்றனர். வளி கரைந்த எண்ணெயை ‘உயிருள்ள எண்ணெய்’ என்றும் வளி நீங்கியதை ‘இறந்த எண்ணெய்’ என்றும் எண்ணெய்த் தொழிலார் ஆங்கிலத்தில் வழங்குவராம். உயிரும் மெய்யும் பிரிவதை எழுத்திலக்கணத்தில் நடத்தும் நமக்கு இச்சொற்கள் உடனே பிடித்துப்போயின.

இப்போது நம் சிறுவயது நினைவு ஒன்று விளங்கிற்று. கந்தூரிக்கு நாகூர் செல்லும்போது, திருவாரூரைத் தாண்டிய இருளில், வயல்களுக்கு அப்பால் வானில் பெருந்தீ ஒன்று எரியும். நரிமணத்து எண்ணெய்க் கிணறுகளின் தீ. 1980-களில் அங்கே எண்ணெய் கண்டு, 1993-இல் அப்பகுதியிலேயே சுத்திகரிப்பு ஆலையும் அமைத்தனர். “அத்தா, எண்ணெயை எடுத்து ஏன் எரிக்கிறார்கள்?” என்று கேட்டோம். “எண்ணெயை எரிக்கவில்லையடா, அதன் மூச்சை எரிக்கிறார்கள்” என்றார் அத்தா. அவர் எட்டாம் வகுப்பு வரை படித்தவர், துணிக்கடை வைத்திருந்தவர். எங்கே கேட்டுச் சொன்னாரோ, சரியாகச் சொல்லியிருக்கின்றார். சோடாவிலிருந்து பிரிந்த மூச்சு அது. குழாய் வைத்துக் கொண்டுசெல்ல வழியில்லாதபோது அதை எரித்துவிடுவர்.

வளி பிரிந்தால் எண்ணெய் சுருங்கும் என்பது அடுத்த செய்தி. கீழே ஒன்றரைப் பீப்பாய் இடத்தை அடைத்திருந்த எண்ணெய், மேலே வந்து வளி நீங்கிக் குளிர்ந்ததும் ஒரு பீப்பாயாக நிற்கக்கூடும். பீப்பாய் என்பது 159 லிட்டர். எனவே, ‘இவ்வளவு பீப்பாய் இருக்கிறது’ என்று எவரேனும் சொன்னால், கீழே உள்ள அளவா, மேலே வந்தபின் உள்ள அளவா என்று கேட்கவேண்டும். நூறு மூட்டை நெல் என்பவனிடம், ‘நெல்லா, அரிசியா?’ என்று நம் உழவர் கேட்பதில்லையா? ஆலையில் கொடுத்தால் அறுபத்தைந்து மூட்டைதானே தேறும்? கேட்டு வாங்கும் அறிவு நம்மவர்க்கு உண்டு. கேட்பதற்குரிய சொல்லை நாம்தாம் கொடுக்கவில்லை.

எண்ணெய் என்று பொதுவாகச் சொல்லிவிடுகின்றோம். வயலுக்கு வயல் அது வேறு பொருள். அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் வகுத்த அளவையில் நீருக்குப் பத்து. எண் ஏற ஏற எண்ணெய் இலேசு. நம் கடலில், 1997 முதல் 2011 வரை எண்ணெய் கிடைத்த பி.ஒய்.-3 வயலின் எண்ணெய்க்கு 49 என்கின்றனர். ஏறத்தாழப் பெட்ரோல் போன்று மெலிந்தது. மாறாக, ஓமனில் முகைஸ்னா என்னுமிடத்து எண்ணெய் கருப்பட்டிப் பாகினும் தடித்தது. கிணறு தோண்டினாலும் வாராது. நீராவியைக் கீழே செலுத்திச் சூடேற்றி இளக்கியே எடுக்கின்றனர். குளிர்காலத்துக் காலையில் தேங்காயெண்ணெய்ப் புட்டியை வெயிலில் வைக்கின்றோமே, அதே வேலை.

அனைத்தினும் நம்மை மயக்கியது வேறொன்று. சமையற்கட்டின் எரிவளி உருளையை அறிவோம். அழுத்தினால் வளி நீர்மமாகின்றது, திறந்தால் நீர்மம் வளியாகின்றது. அழுத்தம் குறைந்தால் ஆவி. இதுவே உலகியல்பு என்றிருந்தோம். ஆழ்ந்த சில வயல்களில் இது தலைகீழாகின்றது. அங்கே இருப்பது முழுதும் வளி. எடுக்கத் தொடங்கி அழுத்தம் குறைந்ததும், வளிக்குள்ளிருந்து துளித்துளியாக நீர்மம் பனிக்கத் தொடங்குகின்றது. 1892-இல் இலெய்டன் நகரில் குவேனன் என்னும் டச்சு அறிஞர் இதனை ஆராய்ந்து விளக்கினார். காரணம் கேட்டோம். அவ்வளி பலவகை மூலக்கூறுகளின் கலப்பு. மிகுந்த அழுத்தத்தில் நெருங்கிச் செறிந்திருக்கும்போது, இலேசான மூலக்கூறுகள் கனமானவற்றைத் தம்மோடு தாங்கி வைத்திருக்கின்றன. அழுத்தம் தளர்ந்து அவை விலகியதும் தாங்கும் வலி குறைகின்றது, கனமானவை உதிர்கின்றன. உதிர்ந்த துளிகள், விலை உயர்ந்தவை எனினும், கிணற்றைச் சுற்றியுள்ள சந்துகளை அடைத்து வளியின் வழியையும் மறித்துவிடும். உலகின் மிகப்பெரிய எரிவளி வயல் கத்தாரும் ஈரானும் பகிர்ந்துகொள்ளும் கடலடியில் உள்ளது. அதுவும் இத்தகைய நீர்மம் தாங்கிய வளியே. நம் வீட்டுப் பிள்ளைகள் எத்தனையோ பேர் கத்தாரில் உழைக்கின்றனர். அவர்கள் அனுப்பும் பணத்தில் சில காசுகள் இத்துளிகளிலிருந்து வந்திருக்கலாம்.

இதற்குத் தமிழில் என்ன பெயரிடுவது என்று அன்றிரவு நெடுநேரம் வாதிட்டோம். ‘பிற்போக்குச் சுருங்கல்’ என்று ஒரு குறிப்பில் கண்டோம். பிற்போக்கு என்றால் நம் மாணவர்க்கு அரசியல் மேடைதான் நினைவுக்கு வரும். ‘தலைகீழ்ப் பனித்தல்’ என்றோம். மருமகன் இருமுறை சொல்லிப் பார்த்து, “இருக்கட்டும் மாமா, இதைச் சொன்னால் புரிகிறது” என்றார். திண்மம், நீர்மம், வளி என்னும் மூன்றையும் பொதுவாகச் சுட்டும் சொல்லிலும் இடர்ப்பாடு உண்டு. நம் கல்லூரி வேதியியல் நூல்கள் ‘நிலைமை’ என்கின்றன. ஈழத்து நூல்கள் ‘அவத்தை’ என்கின்றன. அவத்தை என்பதே நமக்குப் பொருத்தமாகப் பட்டது. மாறும், மீளும், துன்புறும் ஒன்றின் பெயர் போல் ஒலிக்கின்றது. தமிழாசிரியரின் சார்பு என்று வேதியியல் துறை நண்பர்கள் நகைக்கலாம்.

இனி நம் குகைக்கு வருவோம். எண்ணெய் எடுத்தால் நிலம் சரியாதா? சரிவதுண்டு, அதை மறுத்துத் தப்பிக்கவும் இயலவில்லை. அமெரிக்காவில் லாங் பீச் நகரின் வில்மிங்டன் வயலுக்கு மேலிருந்த நிலம், 1950-களின் இறுதிக்குள் மிகத் தாழ்ந்த இடத்தில் ஏறத்தாழ ஒன்பது மீட்டர் இறங்கிவிட்டது. நீரைக் கீழே செலுத்திய பின்னரே இறக்கம் நின்றது. நார்வே நாட்டுக் கடலில் எக்கோபிஸ்க் வயலின் மேடைகளை 1987-இல் ஆறு மீட்டர் உயர்த்திக் கட்டினர். அங்கெல்லாம் குகை இடிந்து விழவில்லை. சந்துகளில் இருந்த பாய்மத்தின் அழுத்தம் குறைந்ததும் மென்பாறை மெல்ல நசுங்கிற்று. எல்லா வயலும் நசுங்குவதில்லை. கடினமான பாறை தாங்கிக்கொள்ளும். எடுத்த எண்ணெயின் இடமும் வெற்றிடமாக நிற்பதில்லை. பெரும்பாலும் சுற்றியுள்ள நீர் வந்து புகுந்துகொள்ளும். கோபுரம் ஒருநாள் திடீரெனக் குகைக்குள் விழும் என்றது நம் கற்பனை. அவையை நடுங்க வைக்கச் செய்த கற்பனை.

“மாமா, பயப்படவேண்டியதை விட்டுவிட்டீர்கள்” என்றார் மருமகன். எதை என்றோம். “தண்ணீரை.”

பாறைச் சந்துகளில் எண்ணெய் மட்டும் இருப்பதில்லை. எண்ணெய்க்கு முன்பே நீர் இருந்தது. நம் மாவட்டத்து வழுதாவூர்ப் பக்கத்தில் கடற்சிப்பிகள் கல்லாகிக் கிடைக்கின்றன. 1840-களில் ஆங்கிலேயர் இருவர் புதுச்சேரிப் பகுதியில் சேர்த்த இத்தகைய சிப்பிகளை ஆராய்ந்து, எட்வர்டு போர்ப்ஸ் 1846-இல் எழுதியிருக்கின்றார். ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்னர் இங்கே கடல். எண்ணெய்ப் பாறையில் சிறைப்பட்ட நீர் பெரும்பாலும் அத்தகைய உவர்நீர். பல இடங்களில் கடல்நீரினும் உப்பு மிகுந்தது. எண்ணெயோடு அதுவும் மேலே வரும். வயலுக்கு வயதாக ஆக எண்ணெய் குறைந்து இந்நீர் மிகும். பழைய வயல்களில் ஒரு பீப்பாய் எண்ணெய்க்குப் பல பீப்பாய் உவர்நீர் வருவதும் உண்டு. அதை எங்கே விடுவது? ஒழுங்காகச் செய்வோர் மீண்டும் ஆழத்திலேயே செலுத்துவர். ஒழுங்கின்றிக் குட்டையில் விட்டால் அது மண்ணில் இறங்கும்.

அந்த மண் எது? திருவக்கரையில் நீரைக் குடித்த அதே மணற்கல். கடலூர் மணற்கல் என்று நிலவியலார் பெயரிட்ட அப்பாறைதான் நம் மாவட்டத்தின் கிழக்கிலும் புதுச்சேரி, கடலூர்ப் பக்கத்திலும் ஆழ்குழாய்க் கிணறுகளுக்கு நீர் தரும் தாய். எண்ணெய்க் கிணறு அதைத் துளைத்துக்கொண்டே கீழே செல்லவேண்டும். துளையைச் சுற்றி எஃகுக் குழாய் இறக்கி, குழாய்க்கும் பாறைக்கும் இடையே சிமெண்டு நிரப்பி அடைப்பர். அவ்வடைப்பு நன்றாயின் மேல்நீரும் கீழ்நீரும் கலவா. அடைப்பு பழுதாயின் அழுத்தம் மிகுந்த கீழ்ப்பாய்மம் மேலேறும். திருவாமாத்தூர் உழவர் கேட்ட கேள்வி இதுவே. ‘கிணறு எம்மாத்திரம்?’ என்று நாம் தள்ளிவிட்ட கேள்வி.

ஐப்பசி மழை தொடங்கிய பின் திருவாமாத்தூர் சென்றோம். மருமகன் ஓமனுக்குத் திரும்பிவிட்டார். தனியே செல்லக் கூசி, பழைய மாணவரையும் அழைத்துக்கொண்டோம். அவ்வூர்க் கோயிலில் வட்டப்பாறை என்றொரு கல் உண்டு; அதன் முன் பொய்யுரைத்தவர் தப்பார் என்பது ஊர் நம்பிக்கை. நாம் தெருவில் நின்றுதான் பேசினோம் எனினும், அக்கல் இருக்கும் திசையை அன்று பார்க்க மனம் வரவில்லை.

அந்த உழவர் வீட்டுத் திண்ணையில் இருந்தார். நாம் சொன்னதை இடைமறிக்காமல் கேட்டார்.

“அப்ப ஏரி இல்ல?”

“இல்லை ஐயா.”

“கோயிலு உள்ள போவாது?”

“நான் சொன்னபடி போகாது.”

சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, தம் தம்பியின் மகன் அன்றைய பேச்சைக் கேட்டு அஞ்சி, அறுபது சென்டு நன்செய்யைக் கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டான் என்றும், ஆவணியிலேயே கிரயம் முடிந்துவிட்டது என்றும் சொன்னார். யார் வாங்கியது என்று நாம் கேட்கவில்லை. நம் நா எழவில்லை. “மன்னிக்கவேண்டும்” என்னும் சொல் தமிழில் இத்தனை சிறியது என்பதை அன்று கண்டோம்.

“அத வுடுங்க பாய், அவனுக்கு முன்னயே கடன் இருந்துச்சி” என்றார் அவர். நமக்காகச் சொன்னாரா, உண்மையா என்பது தெரியவில்லை. “நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. கெணத்துத் தண்ணி என்னா ஆவும்?”

தாள் ஒன்று வாங்கித் திண்ணையிலேயே அமர்ந்து எழுதினோம். நம் ஊர்ப்பக்கம் எவரேனும் துளையிட வந்தால் கேட்கவேண்டியவை: எத்தனை மீட்டர் ஆழம் வரை எஃகுக் குழாய் இறக்குவீர்கள், சிமெண்டு அடைப்பைச் சோதித்த கணக்கைக் காட்டுவீர்களா, எண்ணெயோடு வரும் உவர்நீர் நாளொன்றுக்கு எவ்வளவு, அதை எங்கே விடுவீர்கள், துளையிடுமுன் எங்கள் கிணற்று நீரின் உப்பை அளந்து எழுத்தில் தருவீர்களா? ஐந்தும் ஐந்து வரி. உவமை ஒன்றும் இல்லை.

அவர் தாளை வாங்கிக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். மூக்குக்கண்ணாடி உடைந்திருந்தது. அந்தச் சிமெண்டு வரியை மட்டும் இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். படித்தோம்.